ஆடுவது, அமைப்பது, எழுதுவது, படமெடுப்பது: ஒரே நடனக் கலைஞர் நான்கையும் சுமக்கலாமா?

அம்மாபேட்டைச் சலங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் பரதநாட்டியம் கற்பித்து வருகிறேன். கோயில் விழாக்களிலும், மே மாதத்து ஏற்காடு கோடை விழா மேடையிலும் வாய்ப்புக் கிடைக்கும்போது ஆடுகிறேன். மாணவியருக்காகப் புதிய நடன உருப்படிகளை அமைக்கிறேன். இவற்றோடு, பிறர் ஆடுவதைப் படமெடுப்பதும் பார்த்ததைப் பற்றி எழுதுவதும் சில ஆண்டுகளாக என் வேலையோடு சேர்ந்துகொண்டன. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வந்ததை இப்போது துறை அறிந்தவர்களும் சொல்லத் தொடங்கிவிட்டதால், இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

எழுத்தையும் படத்தையும் நான் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. நம் ஊரில் ஒரு நாட்டிய நிகழ்ச்சி நடந்தால், மறுநாள் வரும் செய்தியில் குத்துவிளக்கு ஏற்றியவர், பொன்னாடை போர்த்தியவர், நன்றியுரை கூறியவர் என எல்லோருடைய பெயரும் இருக்கும். கச்சேரியின் மைய உருப்படியாக எந்த வர்ணம் ஆடப்பட்டது, தாளம் தட்டி ஜதி சொல்லி நட்டுவாங்கம் செய்தவர் யார் என்பது மட்டும் இராது. படமெடுக்க வருபவர் பெரும்பாலும் திருமண வீடுகளுக்குச் செல்பவராக இருப்பார். தீர்மானம் என்னும் தாளக் கோவை முடிந்து, ஆடுபவர் அசையாமல் நிற்கும் நொடி பார்த்துத்தான் அவர் பொத்தானை அழுத்துவார். ஆகவே எங்கள் நடனத்துக்குச் சான்றாக எஞ்சுவது, ஆடி முடித்த நிலைகளும் விருந்தினர் பட்டியலும்தான். அதை மாற்ற வேண்டும் என்று கையில் எடுத்த வேலைகள் இன்று என் காலைப் பயிற்சி நேரத்தைக் கேட்கின்றன.

இந்த நான்கும் ஒன்றையொன்று வளர்க்குமா, ஒன்றையொன்று விழுங்கிவிடுமா? முன்பு வாழ்ந்த கலைஞர்களின் அனுபவத்தை வைத்துப் பேசினால் எனக்குப் பயன்படும்.

அழகாபுரம் டீச்சர் எழுதியது:

சலங்கை, உன்னை மேடையில் பார்த்திருக்கிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன் அம்மா. முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, இடுப்பு இறங்கி, முதுகு வளையாமல் அரைமண்டியில் நிற்பதற்கு உடல் இடம் கொடுக்கும் ஆண்டுகள் குறைவு. கேமராவை ஐம்பது வயதிலும் தூக்கலாம், எழுதுவதற்கு அறுபதும் தடையில்லை. ஆனால் குதித்துமெட்டு அடவை (குதித்து ஆடும் அடிப்படை அசைவை) மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், சுத்தமாகச் செய்யும் வலிமையை விட்ட இடத்தில் போய்த் தேட முடியாது. மாலையில் ஒரு நிகழ்ச்சியைப் படமெடுத்தால், எடுத்தவற்றில் தேறுவதைப் பொறுக்கி, ஒளி திருத்தி, அனுப்பி முடிக்க நள்ளிரவு ஆகிறது. மறுநாள் காலையில் முதல் பாடமான தட்டடவிலேயே கால் கனத்துப்போகும்.

பாலசரஸ்வதி அம்மாளை எடுத்துக்கொள். கந்தப்பா பிள்ளையிடம் பயின்று, 1925-இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். அவர் பேசியதும் எழுதியதும் குறைவுதான், ஆனால் வந்தபோது எப்படி வந்தது? சமஸ்கிருத அறிஞர் வே. ராகவனோடு சேர்ந்து பரதநாட்டியம் பற்றித் தமிழில் நூல் வந்தது 1959-இல். 1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது, அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் மண்டபம், வர்ணம் இறைவனின் சந்நிதி என்று ஒரு கச்சேரியின் வரிசையையே கோயிலுக்குள் நடந்து போகும் வழியாகக் காட்டினார். அரை நூற்றாண்டு அந்த வரிசையை உடம்பால் நடந்தவர் என்பதால்தான் அவருக்கு அது கண்ணில் பட்டது. அவரைப் படம்பிடிக்கும் வேலையை 1976-இல் சத்யஜித் ராய் செய்தார், அம்மாள் ஆடினார்.

எழுதாதே என்று நான் சொல்லவில்லை. எது முன்னே, எது பின்னே என்ற வரிசையைத்தான் சொல்கிறேன்.

கூத்துப் பிரியன், மேட்டூர் எழுதியது:

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். பல வேலை செய்பவர் எதிலும் தேறமாட்டார் என்ற எண்ணம் நம் மண்ணின் கலைகளுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியாருக்கு எல்லா வேடத்தின் பாட்டும் அடவும் மனப்பாடம். முகவீணை எங்கே ஏற வேண்டும், மத்தளம் எங்கே அடங்க வேண்டும் என்பது அவர் கையசைவில் இருக்கும். ஒருவர் வராவிட்டால் அந்த வேடத்தையும் அவரே கட்டுவார். பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிர் மரபிலும் நட்டுவனார் கற்பிப்பார், பாடுவார், ஜதி என்னும் தாளச் சொற்கட்டுகளைக் கோப்பார், தாளம் தட்டுவார். தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களில் இளையவரான வடிவேலு, வர்ணங்களும் தில்லானாக்களும் ஆக்கியதோடு, வயலினைக் கருநாடக இசையில் நிலைபெறச் செய்தவர்களுள் ஒருவராகவும் இருக்கிறார். ஆடுபவர் ஆட மட்டும், அமைப்பவர் அமைக்க மட்டும் என்ற பிரிவினைதான் பின்னால் வந்தது.

எழுத்துக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேட்டூர் வட்டத்து ஏர்வாடியிலிருந்து மணல்வீடு இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் சிறுகதையும் எழுதுகிறார், கூத்துக் கலைஞர்களுக்காகக் களரி என்ற அமைப்பையும் நடத்துகிறார். கூத்தோடு கிடந்தவர் எழுதியதால்தான் அந்தக் கலைஞர்களின் பேச்சு, பேச்சாகவே அச்சில் ஏறியது.

சேர்வராயன் மலைவாசி எழுதியது:

நான் ஆடத் தெரியாதவன். மேடை நிகழ்ச்சிகளைப் படமெடுத்துப் பிழைத்து, ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் தங்கிவிட்டவன். சலங்கை அவர்கள் கேட்டதில் படமெடுப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாட்டடவில் "தெய்யும் தத்தத் தெய்யும் தா" என்று சொல்லும்போது, கால் நீண்டு குதிகால் தரையைத் தொடுவது "தெய்யும்" விழும் இடத்தில். சொல்லைக் காதில் வாங்கிய பிறகு அழுத்தினால் கால் திரும்பத் தொடங்கியிருக்கும். அந்தச் சொல் வரப்போகிறது என்று தெரிந்தவர் விரல்தான் சரியாக விழும். ஆடிப் பழகியவருக்கு இது இயல்பாக வருகிறது, எங்களைப் போன்றவர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. ஆனால் பெறமுடியாதது அல்ல. அவினாஷ் பஸ்ரிச்சா நடனக் கலைஞர் அல்லர். பல பத்தாண்டுகள் இந்திய நடனங்களைப் படமெடுத்தார். அவர் படங்களும் சுனில் கோத்தாரியின் எழுத்தும் சேர்ந்து நூல்களாக வந்தன. கோத்தாரியும் பட்டயக் கணக்காளராகப் படித்து நடன விமர்சனத்துக்கு வந்தவர். இருவர் இரண்டு வேலையைப் பிரித்துக்கொண்ட முறை அது. மோகன் கோகர் வேறு வகை: வடக்கிலிருந்து வந்து சென்னைக் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியில் பயின்று ஆடியவர், பிறகு நடன வரலாறு எழுதினார், புகைப்படம், அழைப்பிதழ், துண்டறிக்கை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். ஒரு நிகழ்ச்சியின் துண்டறிக்கைகூட வரலாறு என்ற எண்ணம் ஆடியவருக்குத்தான் முதலில் தோன்றியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நடைமுறை. சேலத்து மண்டபங்களில் மேடை உயரம், முன்வரிசை நாற்காலி தாழ்வு. முன்வரிசையில் உட்கார்ந்து மேல்நோக்கி எடுத்தால் மேடை விளிம்பு பாதத்தை மறைக்கும், தொடை பெருத்துத் தெரியும், நன்றாக உட்கார்ந்து ஆடிய அரைமண்டிகூட நின்றுகொண்டு ஆடியதுபோல் ஆகிவிடும். லென்ஸ், ஆடுபவரின் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். அதற்கு நடுக்கூடத்தில், நடைவழி ஓரமாக, நின்றுகொண்டு நீண்ட லென்ஸால் எடுப்பதே வழி.

அடுத்தது எல்.இ.டி. விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி அடங்கும். ஓசை வரக்கூடாது என்று மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால், படத்தின் குறுக்கே கரும்பட்டைகள் விழும். வேகத்தை நொடியில் 100-இல் ஒரு பங்காக வைத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும், ஆனால் மூன்றாம் காலத்து அடவில் கை கலங்கும். இயந்திர ஷட்டருக்கு மாறினால் பட்டை குறையும், ஒவ்வொரு "கிளிக்"கும் பதம் என்னும் நிதானமான அபிநய உருப்படியை ஆடும்போது முன்வரிசைக்குக் கேட்கும். வர்ணத்தின் தீர்மானங்களுக்கு இயந்திர ஷட்டர், பதத்துக்கு மின்னணு ஷட்டரோடு 100-இல் ஒரு பங்கு வேகம் என்பது நான் கைக்கொண்ட முறை. எது ஜதி, எது சாகித்தியம் (பாடல் வரி) என்று முன்கூட்டித் தெரிந்தவரால்தான் இப்படி மாற்றிக்கொள்ள முடியும்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். முழு ஒப்பனையோடு, கோயில் நகையும் பட்டும் அணிந்து பகோடா பாயிண்டுக்கு வந்து, மூடுபனிக்கு முன்னால் நிற்கும் இளம் கலைஞர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். பனியின் வெண்மையைக் கேமரா அதிக ஒளி என்று கணக்கிடுவதால் முகம் இருண்டுபோகும்; கேமராவில் ஒளி அளவை ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தால் அது சரியாகும். ஆனால் கூர்ங்கற்கள் மேல் வெறுங்காலோடு நிற்பவர் பாதத்தை முழுமையாக ஊன்றமாட்டார், ஊன்றாத பாதம் தோளில் தெரியும். அவை நல்ல உருவப்படங்களாக இருக்கலாம். அவற்றை நடனப் படங்கள் என்று நான் ஒப்புவதில்லை. (இங்கே எடுக்க வருவோர் லென்ஸைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், இந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் எளிதில் போகாது.)

அம்மாபேட்டைச் சலங்கை எழுதியது:

மலைவாசி ஐயா, மிக்க நன்றி. படமெடுப்பது என் நடன அமைப்பை மாற்றியிருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு சஞ்சாரியில், அதாவது பாடல் வரியை அபிநயத்தால் விரிக்கும் இடத்தில், நாயகி கோபத்திலிருந்து ஏக்கத்துக்கு மாறும் இடத்தைப் படமெடுக்க முயன்றால், கோபமும் கிடைக்கும், ஏக்கமும் கிடைக்கும், மாறுவது மட்டும் கிடைக்காது. அந்த மாற்றம் கண்ணிமை தாழும் ஒரு கணத்தில் நடந்துவிடுகிறது. அதைக் கவனித்த பிறகு, மாணவியருக்கு அபிநயம் கற்பிக்கும்போது, இரண்டு பாவங்களையும் விட்டுவிட்டு, நடுவில் இமை தாழும் அந்த இடத்தையே முதலில் பயிற்றுவிக்கிறேன்.

தாரமங்கலத்தான் எழுதியது:

சலங்கை அவர்கள் சொன்ன இந்த இடம்தான் சிற்பத்துக்கும் நடனத்துக்கும் இடையே பழைய வழக்கு. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களுள் 81 மட்டும் செதுக்கப்பட்டு, மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அவற்றை நிலைகளாகப் பார்த்தவர்களே அதிகம். கரணம் என்பது நிற்கும் நிலை அல்ல, ஓர் அசைவு. சிற்பி காட்டியது அந்த அசைவின் ஒரு கணத்தை மட்டுமே என்று நடனக் கலைஞர் பத்மா சுப்ரமண்யம் வாதிட்டார். அவர் ஆய்வு செய்தார், எழுதினார், ஆடியும் காட்டினார். ஆடிக் காட்டியதால்தான் வாதம் நின்றது. இங்கே எழுத்தையும் மேடையையும் பிரித்தால் இரண்டுமே முடமாகும்.

எங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயிலுக்கு ஒருமுறை கேமராவோடு வாருங்கள். கெட்டி முதலியார்கள் காலத்துத் திருப்பணி. ரதி, மன்மதன் சிற்பங்களைக் காட்டி, ஒருவர் இருக்கும் இடத்திலிருந்து மற்றவரைப் பார்க்கலாம், அந்த மற்றவர் இடத்திலிருந்து இவரைப் பார்க்க முடியாது என்று ஊரில் எல்லோரும் சொல்லுவார்கள். தூண்களுக்கு நடுவே நீங்களே நடந்து பார்த்தால், யார் எங்கே நின்றால் யாருக்கு மறைவார் என்பது புரியும். பலர் சேர்ந்து ஆடும் நாட்டிய நாடகத்தை அமைப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இல்லை என்பேன்.

அஸ்தம்பட்டி வாசகி எழுதியது:

இவ்வளவு பேசியும் சந்திரலேகாவின் பெயர் வராதது எனக்கு வியப்பாக இருக்கிறது. காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பயின்று, 1952-இல் இராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்த அரங்கேற்றத்தில், யமுனை நீரில் விளையாடும் காட்சியை ஆடும்போதே, வெளியே நிலம் வெடித்துக் கிடப்பது மனத்தில் தைத்தது என்று பின்னாளில் சொன்னவர் அவர். பெயரும் புகழும் இருந்தபோதே மேடையிலிருந்து விலகினார். கவிதை எழுதினார், சுவரொட்டிகள் வடிவமைத்தார், பெண்கள் இயக்கத்தில் வேலை செய்தார். 1984-இல் மும்பையில் நடந்த கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பில் திரும்பி வந்து, 1985-இல் அங்கிகா, 1989-இல் லீலாவதி, 1994-இல் யந்திரா, 2001-இல் சரீரா என்று அவர் அமைத்தவற்றைப் பாருங்கள். கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயட்டும் யோகமும் பரதநாட்டியமும் ஒரே மேடையில் நின்றன. அபிநயத்தில் கதை சொல்லும் முறையை விலக்கி, உடலின் கோடுகளையே பொருளாக்கினார். சுவரொட்டியில் வெற்றிடத்தின் மதிப்பை அறிந்த கண்தான் மேடையையும் அப்படிக் காலியாக வைக்கத் துணிந்தது என்று நான் நினைக்கிறேன்.

டீச்சர் அவர்கள் கருத்துக்கு இது நேர் எதிர்ச் சான்று. உடல் நன்றாக ஆடக்கூடிய ஆண்டுகளில் அவர் ஆடவில்லை. பிற வேலைகளைச் செய்தார். ஐம்பது கடந்த பிறகு வந்த நடன அமைப்புகளே இன்று பேசப்படுகின்றன. இன்னொன்றும் உண்டு: எல்லாவற்றையும் அவர் தனியாகச் செய்யவில்லை. ஓவியரும் புகைப்படக் கலைஞரும் வடிவமைப்பாளருமான தசரத் படேலும், எழுத்தாளரும் புகைப்படக்காரரும் மேடை ஒளியமைப்பாளருமான சதானந்த் மேனனும் உடன் இருந்தார்கள். சலங்கை அவர்கள் தேட வேண்டியது கூடுதல் நேரத்தையா, இப்படிப்பட்ட துணையையா என்று யோசிக்கலாம்.

அழகாபுரம் டீச்சர் எழுதியது:

வாசகி அவர்களே, சந்திரலேகா விலகுவதற்கு முன் எல்லப்பா பிள்ளையிடம் பெற்ற உடம்பு அவரிடம் இருந்தது. அது இல்லாமல் விலக்குவதற்கே ஒன்றும் இருந்திராது. அவரை எல்லோருக்கும் முன்மாதிரியாக்குவது ஆபத்து. ஆனாலும் துணை தேடச் சொன்னீர்களே, அது நல்ல யோசனை.

எழுத்தைப் பற்றி எனக்கு வேறொரு தயக்கம் உண்டு. இ. கிருஷ்ண ஐயர் வழக்கறிஞர், பெண் வேடம் புனைந்து சதிர் ஆடிக் காட்டினார், 1931-இல் மியூசிக் அகாதமியில் தேவதாசி மரபுக் கலைஞர் கல்யாணியின் மகள்களின் ஆட்டம் நடக்கக் காரணமானார், விமர்சனமும் எழுதினார். சென்னையில், அந்தக் காலத்தில், எதிர்த்து எழுதவும் ஆள் இருந்ததால் அது நடந்தது. சேலத்தில் நாட்டியம் கற்பிப்பவர்கள் ஒருவரையொருவர் அறிவோம். ஒரே நட்டுவாங்கக் கலைஞரையும் ஒரே மிருதங்க வித்துவானையும் மாற்றி மாற்றி அழைக்கிறோம். இன்னொரு டீச்சரின் மாணவி அரங்கேற்றத்தைப் பற்றி நீ குறை எழுதினால், போட்டியில் எழுதினாய் என்பார்கள். புகழ்ந்து எழுதினால் அடுத்த வாரம் உன் மாணவிக்குப் புகழ் எதிர்பார்க்கிறாய் என்பார்கள். ஆகவே நம் ஊர் நிகழ்ச்சிகளுக்குத் தீர்ப்பு எழுதாதே. என்ன ஆடப்பட்டது, எந்த இராகம், எந்தத் தாளம், யார் அமைத்தது, சஞ்சாரியில் எந்தக் கதை எடுக்கப்பட்டது என்று பதிவாக எழுது. அதைச் செய்ய இங்கே ஒருவரும் இல்லை.

கூத்துப் பிரியன், மேட்டூர் எழுதியது:

பதிவு போதும் என்று நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். குறை சொல்ல ஆளில்லாத ஊரில் கலை சோம்பிவிடும். ஆனால் ஆடுபவரே எழுதும்போது, தான் யாரிடம் பயின்றவர், மேடையில் இருந்தவர் தனக்கு என்ன உறவு என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால், படிப்பவர் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்வார்.

நீதிமன்ற வளாகத்து நண்பர் எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் சலங்கை அவர்களுக்கு ஒரு செய்தி. எழுத்தும் படமும் நடன அமைப்புக்குப் புறம்பான வேலைகள் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 2(எச்), நடன அமைப்பை நாடகப் படைப்பு என்ற வகையில் சேர்க்கிறது. ஆனால் அதன் காட்சியமைப்போ நடிப்பு வடிவமோ எழுத்திலோ வேறு வகையிலோ நிலைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. உங்கள் மனத்திலும் மாணவியர் உடம்பிலும் மட்டும் இருக்கும் வர்ணத்தை வேறொருவர் அப்படியே எடுத்து ஆடினால், உங்களுடையது என்று நிறுவுவது கடினம். ஜதிகளும் அடவு வரிசையும் மேடை இடமும் எழுதப்பட்ட குறிப்பேடு இருந்தால், அமைப்பவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். தனித்தனி அடவுகளும் மரபான முத்திரைகளும் யாருக்கும் சொந்தமாகா. நீங்கள் கோத்த வரிசைக்கே உரிமை. ஆடுபவருக்கு, நிகழ்த்துநர் என்ற முறையில் பிரிவு 38-இன்கீழ் 50 ஆண்டு உரிமை தனியாக உண்டு.

புகைப்படத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். எடுத்தவரே பொதுவாக முதல் உரிமையாளர். ஆனால் பிரிவு 17(பி)-இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணத்துக்கு எடுத்துக் கொடுத்த படத்தில், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர்.

அம்மாபேட்டைச் சலங்கை எழுதியது:

அண்ணா, இது எனக்கு இரண்டு பக்கமும் வெட்டுகிறதே. என் மாணவி ஒருத்தியின் அரங்கேற்றப் படத்தை, அவள் பெற்றோரிடம் கேட்காமலே ஒரு ஸ்டூடியோ தன் விளம்பரத் தட்டியில் போட்டிருக்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர்கள் பெற்றோர்தான். அதே சமயம், நான் பணம் பெற்று எடுத்துக் கொடுக்கும் படங்களைப் பின்னால் என் கட்டுரைகளில் பயன்படுத்த எனக்கு உரிமை இல்லையா? மேலும், நிலைப்படுத்துவதற்குக் கைப்பேசிக் காணொளி போதுமா?

நீதிமன்ற வளாகத்து நண்பர் எழுதியது:

முதல் கேள்விக்கு: ஸ்டூடியோவோடு எழுத்தில் வேறு உடன்பாடு இல்லையென்றால், பெற்றோர் கடிதம் எழுதித் தட்டியை அகற்றச் சொல்லலாம். பணம் கொடுத்த ரசீதைத் தேடி வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவதற்கு: பணம் வாங்குமுன் ஒரே ஒரு வரி எழுதிக் கையொப்பம் பெறுங்கள். "படங்களின் பதிப்புரிமை எடுத்தவருக்கே உரியது, ஏற்பாட்டாளரும் ஆடியவரும் தம் சொந்தப் பயன்பாட்டுக்கும் நிகழ்ச்சி விளம்பரத்துக்கும் அவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்" என்பது போதும். ஆடியவர் படத்தை வணிகப் பொருள் எதற்கும் பயன்படுத்தமாட்டேன் என்று நீங்களும் எழுதிக் கொடுத்தால், கையொப்பமிட யாரும் தயங்கமாட்டார்கள்.

மூன்றாவதற்கு: "எழுத்திலோ வேறு வகையிலோ" என்று சட்டம் சொல்வதால் காணொளியையும் சான்றாக வைக்கலாம். ஆனால் ஒரே கோணத்தில் எடுத்த கைப்பேசிக் காணொளியில் பின்வரிசை மாணவியரின் கால் தெரியாது, ஜதிச் சொல்லும் தெளிவாகக் கேட்காது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இடுங்கள். காணொளியின் மூலக் கோப்பை, வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய பிரதியாக அல்லாமல், அப்படியே தனி வட்டில் சேமியுங்கள். நாட்டிய நாடகமாக இருந்தால், வசனமும் பாடலும் யாருடையவை என்பதையும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள், ஏனென்றால் அவற்றின் உரிமை வேறு.

சேர்வராயன் மலைவாசி எழுதியது:

காணொளிக்கு நான் வருகிறேன், சலங்கை. பால்கனியிலிருந்து ஒரு கேமரா, எதிரே ஒரு கேமரா வைத்தால் பின்வரிசைக் கால்களும் விழும். நட்டுவாங்கக் கலைஞரின் ஒலிவாங்கியிலிருந்து தனியாக ஒரு கம்பி இழுக்க மண்டபத்து ஒலியமைப்பாளரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.